மேட்டுக்கு முன்னால் ஒரு சண்டை

வீல் என்று அலறியது அலாரம்.

ரசத்தை இறக்கிக்கொண்டிருந்த பூங்கொடி, கரண்டியோடு கூடத்துக்கு ஓடிவந்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்தார் அவள் கணவர் சென்னியப்பன். அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை சிவப்பாக மின்னிக்கொண்டு கத்தியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

சென்னியப்பனுக்கு எல்லாம் கேட்டது. கண்ணைத் திறக்கத்தான் தெம்பில்லை. கிணற்றுக்குள் மெதுவாக இறங்குவது போல இருந்தது. இறங்குவதில் சிரமம் ஒன்றும் இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அசையாமல், பேசாமல், அமைதியாக உட்கார்ந்திருந்தார். அதுதான் தப்பு என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து வீடே சத்தமில்லாமல் கிடந்தது. வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கியாயிற்று. அவர் விழித்திருக்கும்போது மிக்ஸி ஓடாது. குக்கர் விசில் அடிக்குமே என்று பூங்கொடி பானையில் சோறு வடித்தாள். பார்க்க வந்த ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, பூனை மாதிரி மாடியேறி வந்து, "ரெஸ்ட் எடுங்க மாமா" என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள். சீக்காளியை அப்படித்தானே பார்த்துக்கொள்வது!

பூங்கொடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அவர் மூச்சுக்குழாய்க்குள் வைத்திருந்த கருவியைக் கவனித்துக்கொள்ளும் இன்ஜினியர் பெண் ஃபர்ஸானா எடுத்தாள்.

"சார் என்னம்மா பண்ணிட்டிருந்தாரு?"

"ஒண்ணும் பண்ணலீங்க. சும்மா, அமைதியாத்தானுங்க இருந்தாரு."

"ஐயோ! அவரைத் திட்டுங்கம்மா!"

"என்னதுங்க?"

"திட்டுங்க! கோவப்படுத்துங்க! சீக்கிரம்!"

பூங்கொடி கணவரைப் பார்த்தாள். அவரோடு அவள் ஒரு முழு வாக்கியம் பேசியே வருடக்கணக்காகிறது. 'சாப்பாடு ஆச்சு', 'கேட் பூட்டியாச்சு', 'கொரியர் வந்துச்சு' என்று காற்றைப் பார்த்துச் சொல்வாள். அவர் 'ம்' என்பார். அதோடு சரி. இப்போது திடீரென்று எதைச் சொல்லித் திட்டுவது?

"ஏனுங்க..." என்றாள். குரல் எழும்பவில்லை. கரண்டியை ஓங்கித் தரையில் ஒரு போடு போட்டாள். "ஏனுங்க! குளிச்சுட்டு வந்து ஈரத்துண்டைக் கட்டில் மேல போடறீங்களே, அந்தப் பக்கம் படுக்கறது மனுசியா, மாடா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஈரத்துலதானுங்க நான் தூங்கறேன்!"

சென்னியப்பன் கண்ணைத் திறந்தார்.

"எ... என்ன?"

"என்ன என்ன? காது கேக்கலீங்களா?"

"என்ன... பேசறே நீ? நான்... எப்பப் போட்டேன்?"

"எப்பப் போடல?"

அவருக்கு மூச்சு ஏறியது. தொண்டைக்குக் கீழே எங்கேயோ மெல்லியதாக ஒரு விசில் கிளம்பியது. கொசு பாடுவது போல இருந்தது, பிறகு புல்லாங்குழலாயிற்று, பிறகு தூரத்து ரயில். பட்டை கத்துவதை நிறுத்திவிட்டுப் பச்சைக்கு மாறியது. உதட்டில் நீலம் மறைந்து சிவப்பு திரும்பியது.

பூங்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

சாயங்காலம் ஃபர்ஸானா நேரிலேயே வந்துவிட்டாள்.

"சார், நீங்க ஃபவுண்டரி வெச்சிருந்தவர்தானே? என்ன வார்ப்பீங்க?"

"கார் டர்போவோட ஹவுசிங்மா, அதோட இரும்புக்கூடு," என்றார் சென்னியப்பன். "எல்லாம் கரண்ட் காரா ஆனதும் டர்போவுக்கு வேலையில்லாம போச்சு. எனக்கும்." ஃபவுண்டரி மணல் தூசி அவர் நுரையீரலில் தங்கி, அதைப் பாதிக்குமேல் கல்லாக்கிவிட்டிருந்தது.

"அப்ப உங்களுக்கு நான் சொல்லித் தரவே வேண்டாம். உங்க மூச்சுக்குழாய்ல இருக்கறதும் டர்போதான், சுண்டைக்காய் சைஸ்ல. ரெண்டு சக்கரம், ஒரே அச்சு. நீங்க வெளிய விடற மூச்சு ஒரு சக்கரத்தைச் சுத்தும். கூடவே சுத்தற இன்னொண்ணு, உள்ள வர்ற காத்தை அமுக்கி அனுப்பும். மிச்சமிருக்கற நுரையீரல் அதை வெச்சே சமாளிச்சுக்கும். உடம்புக்குள்ள பேட்டரி வெச்சா சூடாகுது. அதனால உங்க மூச்சையே எரிபொருளா ஆக்கிட்டோம்."

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்ஜின் ஓடாம டர்போ எப்படிம்மா ஓடும்? வண்டி நின்ன எடத்துல உறுமற ஐடிலிங்ல பூஸ்ட் வராதே, காத்தை அமுக்காதே!"

"அதேதான் சார். இவங்க எல்லாருமாச் சேர்ந்து உங்களை ஐடிலிங்லயே போட்டு வெச்சிருக்காங்க."

பூங்கொடி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் கொஞ்சமாவாச்சும் ஏறாதுங்களா?"

"அப்படி ஏறாதும்மா. சக்கரத்தோட வேகம் ரெண்டு மடங்கானா, அழுத்தம் நாலு மடங்காகும். வேகம் கம்மியா இருக்கறப்ப ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஒரு எல்லையைத் தாண்டினதும் பின்னால இருந்து யாரோ தள்ளற மாதிரி வரும். ரொம்ப ஏறினா புஸ்ஸுன்னு ஒரு வால்வு திறந்து மிச்சத்தை வெளிய விட்டுரும், பயப்பட வேண்டாம்."

"நடந்தாப் போதுமுங்களா?"

"நடந்தா வர்ற ஆக்ஸிஜனைக் காலே தின்னுரும். உட்கார்ந்த இடத்துல மூச்சு ஏறணும். பேசலாம், பாடலாம், சிரிக்கலாம். கோவப்பட்டா எல்லாத்தையும்விடச் சீக்கிரம் பிடிக்கும்."

"நானே வேணும்னு வேகமா மூச்சு விட்டுக்கறேனே?" என்றார் சென்னியப்பன்.

"கொஞ்ச நேரம் விடுவீங்க சார். அப்புறம் மறந்துடுவீங்க. கோவம் மறக்காது." ஃபர்ஸானா சிரித்தாள். "ராத்திரிக்கு மட்டும் ஆக்ஸிஜன் மெஷின் குழாயை மூக்குல மாட்டிக்குங்க. பகல்லயும் அதையே மாட்டினா படுத்த படுக்கைதான். முக்கியமா மாடிப்படி! ஆக்ஸிலரேட்டரை மிதிச்ச உடனே டர்போ கேக்காது, தெரியுமில்ல?"

"தெரியாமயா? ஊட்டி ரோட்டுல கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலயே கியரைக் குறைச்சு ரேஸ் பண்ணிக்கோணும். வளைவுல போய் மிதிச்சா வண்டி முக்கும்."

"அவ்வளவுதான். படிக்குக் கீழ நின்னு சண்டை போட்டுட்டு, அப்புறம் ஏறுங்க."

கீழ்த்தளத்தைக் கொரியர்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மறுநாள் நடைப்பயிற்சி முடிந்து திரும்பியபோது, பார்சல் மூட்டைகளுக்கு நடுவே, படிக்குக் கீழே இருவரும் எதிரும் புதிருமாக நின்றார்கள்.

பூங்கொடி தொண்டையைச் செருமினாள். "இன்னைக்கு... வெயில் ஜாஸ்திங்க."

"இது சண்டையா அம்மிணி?"

"எனக்குச் சண்டை போடத் தெரியாதுங்க."

"நேத்துப் போட்டியே?"

"அது பயத்துல வந்தது."

"இத்தனை வருசத்துல ஒருதரம்கூட என்மேல கோவம் வந்ததில்லையா உனக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் படியில் கால் வைக்கப் போனபோதுதான் சொன்னாள், மெதுவாக.

"மூக்குக்குத் துணி கட்டுங்கன்னு சொன்னேன்."

"எப்ப?"

"புனேயில இருந்து ஆர்டர் குடுக்க ஆளுங்க வந்திருந்தாங்கல்ல. அன்னிக்கு. காப்பி கொண்டாந்து வெச்சேன். மணல் தூசி நெம்பப் பறக்குது, உங்களுக்கும் வேலையாளுகளுக்கும் மாஸ்க் வாங்கோணும்னு சொன்னேன். அத்தனை பேரு முன்னாலயும், உனக்கென்ன தெரியும், உள்ள போன்னீங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போயிட்டேனுங்க. இன்னும் வெளிய வர்ல."

சென்னியப்பனுக்கு அது நினைவில்லை. நினைவில்லை என்பதுதான் அவரை அடித்தது. ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரத்தில் சொல்லி மறந்த வார்த்தை! அந்த வார்த்தைக்குள்ளேயே அவள் இத்தனை வருடம் குடியிருந்திருக்கிறாள். முகம் சூடாயிற்று. நெஞ்சு ஏறி இறங்கியது. விசில் கிளம்பி, உயர்ந்து, இன்னும் உயர்ந்து, கொரியர் பையன்கள் மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் போய், புஸ்ஸ்ஸ் என்று வால்வு திறந்துகொண்டது.

பூங்கொடி திடுக்கிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"குக்கராட்டமே இருக்குதுங்க!"

அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் மாடியேறிவிட்டார்கள். நடுவில் நிற்கவே இல்லை. மேலே போனதும் சென்னியப்பன் கேட்டார்.

"அப்பறம் இன்னும் என்னென்ன இருக்குது? எல்லாத்தையும் சொல்லு."

இருந்தது. ஏராளமாக இருந்தது. அவள் தம்பி கல்யாணத்துக்கு அவர் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சாப்பாட்டோடு கிளம்பியது. பி.காம். படித்தவளைக் கணக்குப் பார்க்க விடாமல் எவனோ ஒருவனை வேலைக்கு வைத்தது. அவள் ஆசையாக வளர்த்த முருங்கையை, கார் நிறுத்த இடமில்லை என்று வெட்டியது. சாயங்காலத்துக்கு ஒன்று என்று எல்லாம் வெளியே வந்தன. சென்னியப்பனும் சும்மா இருக்கவில்லை. "உங்கம்மா வந்தா மாசக்கணக்குல இருந்தாங்களே, நான் ஏதாச்சும் சொன்னேனா?" என்பார். "அதான் இப்ப சொல்லிட்டீங்களே!" என்பாள் அவள். சண்டை முடிந்ததும் சேர்ந்து காப்பி குடிப்பார்கள். நடுவில் அவருக்கு நாற்காலியில் கண் சொக்கினால், சமையலறையிலிருந்தே ஒரு குரல் வரும்: "ஈரத்துண்டு!" அவர் விழித்துக்கொள்வார்.

இந்தக் கருவியோடு ஊரில் நிறையப் பேர் நடமாட ஆரம்பித்திருந்தார்கள். தியான வகுப்புக்காரர்கள் அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். எழவு வீட்டில் இவர்களுக்கென்று தனியாக நாற்காலி போட்டு, அரசியல் பேச ஓர் ஆளையும் உட்கார வைத்தார்கள். சாந்தமான மாப்பிள்ளை என்று பெண் கொடுத்த வீடுகளில் பஞ்சாயத்து நடந்தது. மணிக்கணக்கில் வாடகைக்கு ஆள் வந்து திட்டிவிட்டுப் போக 'வம்புத்துணை' என்று ஒரு செயலிகூட வந்துவிட்டது.

ரேஸ்கோர்ஸ் பூங்காவில் கருவிக்காரர்கள் காலையில் கூடிக் கத்தும் கூட்டத்தில்தான் சென்னியப்பனுக்கு ஆல்பர்ட் பழக்கம். ரிட்டயரான கணக்கு வாத்தியார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிளாட்டில் தனியாக, டிவி விவாதங்களை எதிர்த்துக் கத்தியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"வம்புத்துணையில இருந்து திட்டறதுக்கு ஒரு பொண்ணு வருது சென்னி. நல்லாத்தான் திட்டுது," என்றார் ஒருநாள். "ஆனா என்னைப் பத்தி ஒண்ணும் தெரியாம திட்டுது. கோவமே வரமாட்டேங்குது. என் ஸ்டெல்லா ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வா. 'வாத்தியாரே'ன்னுவா. அப்படியே உச்சந்தலைக்கு ஏறும்!"

அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆல்பர்ட் அடங்கிப்போனார். டிவி ஓடிக்கொண்டிருந்ததாம். அலாரமும் கத்திக் கத்தி ஓய்ந்திருக்கிறது. கேட்கத்தான் அந்த வீட்டில் இன்னொரு காது இல்லை.

செய்தி கேட்டு வந்த அன்று சென்னியப்பன் சண்டைக்கே பதில் பேசவில்லை. பூங்கொடி படியில் அவரைப் பிடித்து உலுக்கினாள். "நீங்களும் போகலாம்னு பாக்கறீங்களா? நான் யாரோட சண்டை போடறது? ஏனுங்க, மூச்சு விடுங்க!" என்று கத்தினாள். அந்தக் குரலுக்கு விசில் தானாகவே ஏறியது.

தனியாக இருந்தவர்கள் இப்படிப் போனது ஆல்பர்ட்டோடு நிற்கவில்லை. பேப்பரில் வந்தது, சட்டசபையில் கேள்வி எழுந்தது. கருவிக் கம்பெனி அவசர அவசரமாகப் புதியது ஒன்றைக் கொண்டுவந்தது. ஃபர்ஸானா சென்னியப்பனைத்தான் முதலில் கூப்பிட்டாள்.

"சூடாகாத பேட்டரி வந்துடுச்சு சார். அச்சுல ஒரு குட்டி மோட்டார். மூச்சு மெதுவா இருந்தாலும் சக்கரம் நிக்காது. வேகம் கூடினா அதே விசில் வரும், ஆனா இதுக்காக யாரும் கத்த வேண்டியதில்ல. ராத்திரி ஆக்ஸிஜன்கூடத் தேவையில்ல. நிம்மதியாத் தூங்கலாம். வாய் வழியாவே மாத்திரலாம், காலைல வந்தா சாயங்காலம் போயிரலாம். அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"கருவிக்குக் கிளீனிங்னு வீட்டுல சொல்லிட்டு நானே வந்துடறேன்மா. அவளுக்கு நான் அப்பறம் சொல்லிக்கறேன். சந்தோசப்படட்டும்."

அப்படித்தான் நினைத்திருந்தார். மோட்டார் வைத்துக்கொண்டு திரும்பும்போது டாக்ஸியில் வாயை மூடிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்து பார்த்தார். மூச்சு தானாக வந்தது, தானாகப் போனது. பாலக்காட்டு ரோடும் புளியமரங்களும் புதிதாகத் தெரிந்தன. 'அம்மிணி, இனி நீ கத்த வேண்டாம்' என்று சொல்லவேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

படிக்குக் கீழே பூங்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காலைல போனவருக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதுங்களா? வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து என்ற கால் போச்சு! கிளீனிங்காம் கிளீனிங்! என்ன, தண்ணித் தொட்டியா கழுவுனாங்க?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். வாக்கியம் நாக்குவரை வந்து நின்றது.

சண்டை, மருந்தாகத்தான் இந்த வீட்டுக்குள் வந்தது. நோய் போய்விட்டது என்று சொன்னால் மருந்தை யார் தொடர்ந்து கொடுப்பார்கள்? நாளைக் காலையிலிருந்து மறுபடியும் 'சாப்பாடு ஆச்சு', 'கேட் பூட்டியாச்சு'. அவருக்கு மூச்சுமுட்டியது. மோட்டாரால் ஒன்றும் செய்யமுடியாத மூச்சுமுட்டல் அது.

"தண்ணித் தொட்டியில்ல, சாக்கடை!" என்றார். "உன்ற வாயைத்தான் கழுவோணும்!"

அவள் முகம் மலர்ந்தது. அன்றைக்கு அவர் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

அதன்பிறகு நடிப்புதான். மாடியேறும்போது வேண்டுமென்றே மூச்சு வாங்கிக்கொள்வார். ராத்திரி தேவையில்லாத ஆக்ஸிஜன் குழாயை ஒழுங்காக மூக்கில் மாட்டிக்கொண்டு படுப்பார். நாற்காலியில் அமைதியாக இருக்க ஆசையாக இருந்தாலும், தலையைத் தொங்கப்போட்டுக் காத்திருப்பார். "ஈரத்துண்டு!" என்ற குரல் வந்ததும் விழித்துக்கொள்வார். நாற்பது வருடம் ஃபவுண்டரி நடத்தியவருக்கு ஒரு பொய்யைச் சுமப்பது இத்தனை சுகமாக இருக்கும் என்று தெரியாது.

ஆனால் பூங்கொடிக்குக் குரல் கம்மிக்கொண்டே வந்தது. இஞ்சியும் மிளகும் இடித்துக் குடித்தாள். மத்தியானங்களில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒருநாள் அவர் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனபோது, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரோட பேசறே?"

"யாரோடயும் இல்லீங்க. சாயங்காலத்துக்கு எதை எடுக்கறதுன்னு யோசிச்சுட்டிருந்தேன்."

"எதை எடுக்கறதுன்னா?"

பூங்கொடி கத்தியைக் கீழே வைத்தாள். "தீர்ந்துபோச்சுங்க. உங்க மேல இருந்த கோவமெல்லாம் தீர்ந்துபோச்சு. முருங்கைமரத்தை நாலு தடவை சொல்லியாச்சு. தேடித்தேடிப் பாத்தாலும் புதுசா ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது."

அவர் டம்ளரோடு நின்றார். தன் ஆசைக்காக இந்தக் கம்மிய தொண்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு 'உள்ள போ' என்றது எவ்வளவு சுயநலமோ, இன்றைக்குச் சொல்லாமல் இருப்பதும் அவ்வளவுதான். வீடு பழையபடி ஆனாலும் ஆகட்டும். இவள் ஓயட்டும்.

சாயங்காலம் படிக்குக் கீழே வந்ததும் அவள் ஆரம்பிக்கப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம் அம்மிணி. இனி நீ கத்த வேண்டியதில்ல."

"ஏனுங்க?"

"கிளீனிங்னு போனேனே, அது கிளீனிங் இல்ல. மோட்டார் வெச்சுட்டு வந்தேன். மூச்சு தானா வருது. மூணு மாசமா உன்னை ஏமாத்திட்டிருக்கேன்." படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா நீ பேசறதை நிறுத்திருவியோன்னு பயம். அதான் சொல்லல. இப்ப உன்ற தொண்டையைப் பார்த்தா பாவமா இருக்குது. போதும். பேசப் பிடிக்கலைன்னா பேசாம இரு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

பூங்கொடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொரியர் வண்டி ஒன்று வந்து, சரக்கை இறக்கிவிட்டுப் போயிற்று. அவர் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டு, விசில் இல்லாமல், தனியாக முதல் படியில் கால் வைத்தார்.

பின்னாலிருந்து அவள் வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி மாட்டுன குழாயை அரைத் தூக்கத்துல நீங்களே புடுங்கிப் போட்டுட்டு, விடியற மட்டும் கொழந்தையாட்டம் மூச்சு விட்டுத் தூங்கறீங்க. மூணு மாசமா அதைப் பாத்துட்டேதானுங்க சாயங்காலமானா சண்டைக்கு நின்னேன், தூக்கத்துல உங்ககூட யாருங்க சண்டை போடறது?"